25-ஆம் போர்ட்டில் கடவுச்சொல் வாங்காதீர்கள்: மின்னஞ்சல் சர்வர் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் நடத்தும் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

மெயில் ஓடிக்கொண்டிருக்கும்வரை உங்களை யாரும் நினைப்பதில்லை; கொஞ்சம் நின்றால் போதும், போன் மேல் போன் வரும். அந்தச் சிரமம் தெரிந்துதான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். உங்கள் பயனர்களின் கடவுச்சொல்லை 25-ஆம் போர்ட்டில், அதாவது சர்வரும் சர்வரும் மெயில் பரிமாறும் எண்ணிட்ட வாசலில், வாங்குவதை நிறுத்துங்கள். அவர்கள் மெயில் அனுப்ப 465-ஐத் திறந்துகொடுங்கள்.

புதிதாகச் சேருகிறவருக்கு நீங்கள் கொடுக்கும் அமைப்புக் குறிப்பை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'அனுப்பும் சர்வர், போர்ட் 25, பாதுகாப்பு எதுவுமில்லை' என்று எழுதிய குறிப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. எப்போதோ யாரோ எழுதியது. மெயில் போகிறது, அதனால் யாரும் கைவைக்கவில்லை. ஆனால் அந்த இணைப்பில் நடப்பதைக் கவனியுங்கள். சர்வர் 334 என்ற எண்ணோடு பயனர் பெயரைக் கேட்கிறது, அப்புறம் கடவுச்சொல்லைக் கேட்கிறது. இரண்டும் பேஸ்64 வடிவில் போகின்றன. பார்த்தால் ஒன்றும் புரியாத எழுத்துக் கூட்டமாகத் தெரியும். ஆனால் அதைத் திருப்பிப் படிக்கச் சாவியே தேவையில்லை, ஒரு கட்டளை போதும். நடுவில் அதே வைஃபையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் கணக்கு முழுவதும் சொந்தம்.

மெயில் அனுப்பும் விதிமுறையான எஸ்எம்டிபிக்கு 1982-இல் ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821 என்ற தர ஆவணத்தை எழுதியபோது, அதில் கடவுச்சொல் கேட்கும் ஏற்பாடே கிடையாது. சர்வரும் சர்வரும் பேசுவதற்கு 25 இருக்கட்டும், பயனர்கள் அனுப்புவதற்கு வேறு போர்ட் வேண்டும் என்று 1998 டிசம்பரில் 587-ஐப் பிரித்தார்கள். 465-இன் கதை கொஞ்சம் சுற்றலானது. 1997-இல் பதிவு செய்து, சீக்கிரமே திரும்பப் பெற்று, அந்த எண்ணை வேறொரு சேவைக்கும் கொடுத்துவிட்டார்கள். மெயில் செயலிகள் மட்டும் அதை விடவேயில்லை. கடைசியில் 2018 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 8314, பயனர்கள் மெயில் அனுப்புவதற்கான போர்ட்டாக 465-க்கு முறைப்படி இடம் கொடுத்தது. '465 கைவிடப்பட்டது, தொடாதே' என்று சொல்லும் வழிகாட்டிகள் அதற்கு முந்தையவை; அவற்றை நம்பி இன்னும் 465-ஐ மூடி வைத்திருக்காதீர்கள்.

587 இருக்கும்போது 465 எதற்கு என்று கேட்பீர்கள். 587-இல் பேச்சு மறைப்பில்லாமல் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளைக்குப் பிறகுதான் டிஎல்எஸ்ஸுக்கு, அதாவது மறைகுறியாக்கிய இணைப்புக்கு, மாறுகிறது. ஸ்டார்ட்டிஎல்எஸ் உண்டு என்று சர்வர் அறிவிக்கும் வரியை நடுவில் இருப்பவர் அழித்துவிட்டால், 'முடிந்தால் டிஎல்எஸ்' என்று அமைத்த செயலி சத்தமில்லாமல் கடவுச்சொல்லை அப்படியே அனுப்பிவிடும். 2021-இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் மெயில் செயலிகளையும் சர்வர்களையும் சோதித்து, ஸ்டார்ட்டிஎல்எஸ் கையாளுதலில் 40-க்கும் மேற்பட்ட பலவீனங்களைக் காட்டினார்கள். 465-இல் முதல் பைட்டிலிருந்தே டிஎல்எஸ்தான். பழைய செயலிகளுக்காக 587-ஐயும் வைத்துக்கொள்ளுங்கள், சரி. ஆனால் டிஎல்எஸ்ஸை அங்கே கட்டாயமாக்குங்கள்.

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். எந்தப் போர்ட்டில் எந்தச் சேவை ஓட வேண்டும் என்று சொல்லும் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில், 587-க்கான சேவை வரியை முடக்கி வைத்திருக்கும் கமென்ட் குறியை மட்டும் எடுத்துவிட்டு, அதன் கீழே உள்தள்ளி எழுதியிருக்கும் விருப்ப வரிகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். போர்ட் திறந்துவிடும், ஆனால் பொது அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் 25-க்கு என்ன விதியோ அதே விதியில்தான் ஓடும். டிஎல்எஸ் கட்டாயம், கடவுச்சொல் சோதனை, யார் வெளியே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு எல்லாம் அந்த விருப்ப வரிகளில்தான் இருக்கின்றன. 465-க்கு, தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் என்று சொல்லும் ராப்பர்மோடையும் 'யெஸ்' என்று வைக்க வேண்டும். கடவுச்சொல் சோதனையை மெயின்.சிஎஃப்பில் 'நோ' என்று வைத்து, இந்த இரண்டு சேவைகளுக்கு மட்டும் 'யெஸ்' கொடுங்கள்.

அதே ஆர்வத்தில் 25-இல் டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்கிவிடாதீர்கள். டிஎல்எஸ் தெரியாத சர்வர்களிலிருந்து வரும் மெயில் நின்றுபோகும். பொதுவில் மெயில் வாங்கும் சர்வர் அப்படிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று ஆர்எஃப்சி 3207-உம் சொல்கிறது. அங்கே 'முடிந்தால் டிஎல்எஸ்' என்று பொருள்படும் 'மே' அமைப்பு போதும்.

மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கரில் சர்வரை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் இணைப்புகள் எல்லாம் டாக்கரின் உள் முகவரியிலிருந்து வருவதுபோல் கன்டெய்னருக்குத் தெரியும். சர்வர் நம்பும் முகவரிகளின் பட்டியலான மைநெட்வொர்க்ஸில் அந்த முகவரி இருந்தால், கடவுச்சொல்லே இல்லாமல் உலகில் யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக ஸ்பேம் அனுப்பலாம். சர்வரின் நிகழ்வுப் பதிவான லாக்கில் நிஜமான ஐபி முகவரி வருகிறதா என்று பார்க்காமல் 25-ஐத் திறக்காதீர்கள்.

மெயில் படிக்கும் பக்கம் சொல்ல அதிகமில்லை. ஐமேப்புக்கு 993, பாப்3 தேவைப்பட்டால் 995. மறைப்பில்லாமல் தொடங்கும் அவற்றின் பழைய போர்ட்டுகளான 143-உம் 110-உம் வெளி உலகத்துக்கு வேண்டாம்.

'எங்கள் பழைய ஸ்கேனருக்கு 25 மட்டும்தான் தெரியும்' என்பது நான் அடிக்கடி கேட்கும் பதில். நியாயமான சிக்கல்தான். அந்த ஸ்கேனரின் உள் முகவரிக்கு மட்டும், உள் நெட்வொர்க்கில் மட்டும் அனுமதி கொடுங்கள். ஒரு கருவிக்காக எல்லோருடைய கடவுச்சொல்லையும் திறந்த வழியில் விட வேண்டாம்.

மாற்றத்தை ஒரே இரவில் செய்யச் சொல்லவில்லை. முதலில் 465-ஐத் திறந்து அமைப்புக் குறிப்பைத் திருத்துங்கள். பிறகு லாக்கைப் பாருங்கள். மாஸ்டர்.சிஎஃப்பில் 465, 587 சேவைகளுக்குத் தனி லாக் பெயர் இருந்தால், அங்கே வருகிறவர்களின் வரியில் அந்தப் பெயர் (587-க்கு 'சப்மிஷன்' என்பதுபோல்) இருக்கும். அப்படி எதுவும் இல்லாமல் பயனர் பெயரோடு வரும் வரிகள்தான் 25-இல் உள்நுழைகிறவர்கள். அவர்களுக்குத் தனித்தனியாக எழுதி, ஒரு தேதி சொல்லி, அந்தத் தேதியில் நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு வெளி நெட்வொர்க்கிலிருந்து 25-இல் இணைந்து ஈஎச்எல்ஓ என்ற தொடக்கக் கட்டளையை அனுப்பிப் பாருங்கள். பதிலில், இங்கே கடவுச்சொல் வாங்குவேன் என்று சொல்லும் ஆத் என்ற வரி வரவே கூடாது. வந்தால், மெயின்.சிஎஃப்பை மறுபடி திறக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்களைப் போல ஒரு மெயில் சர்வர் நிர்வாகி