பழமொழியில் இருப்பது பழமா, பழமையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் பகுதியில் 'பழமொழி' என்பதற்குப் 'பழம்போல் கனிந்த மொழி' என்று பொருள் தந்திருக்கிறீர்கள். கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் பிழை. பழமை + மொழி என்பதில் 'மை' விகுதி கெட்டுப் பழமொழி ஆயிற்று. பழம் + மொழி என்று பிரித்தாலும், வட்டம் + நேமி 'வட்டநேமி' ஆவதுபோல, மகரம் கெட்டு இதே வடிவம்தான் வரும். குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ஆகவே புணர்ச்சி விதியோடு நின்றுவிடாமல் சொல்லின் ஆட்சியைப் பார்க்க வேண்டும்.

அகநானூறு 101ஆம் பாட்டில், நன்மை செய்தவர்க்குத் தீமை வராது என்ற கருத்தை மாமூலனார் 'தொன்றுபடு பழமொழி' என்கிறார். 'தொன்றுபடு' என்ற அடையே பழமையை உறுதிசெய்துவிடுகிறது. முதுசொல், முதுமொழி, மூதுரை என்ற உறவுச் சொற்களிலும் இருப்பது முதுமைதான். எங்கள் செட்டிநாட்டில் பழங்கணக்கு என்றால் பழைய பாக்கி என்றுதானே கொள்கிறோம்!

முதுமொழிக்குத் தொல்காப்பியம் சொல்லும் இலக்கணத்தில் நுண்மை, சுருக்கம், ஒளியுடைமை ஆகியவற்றோடு 'ஏது நுதலிய' என்ற தொடரும் உண்டு. சொல்ல வந்ததை முடித்துவைக்கும் காரணமாக அது வர வேண்டும். பேச்சில் நாம் சொலவடை என்பதும் அந்த வேலையைத்தான் செய்கிறது. சொன்னவர் பெயர் தெரிந்த வாசகம் பொன்மொழி, குறள் குறள்தான். இரண்டையும் பழமொழித் தலைப்பில் போடாதீர்கள். 'கம்பி நீட்டினான்' போன்றவை மரபுத்தொடர்கள், அவையும் வேறு.

இன்னொன்று, 'மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்பதில் 'மண்குதிரை' அல்ல 'மண்குதிர்' (மணல்மேடு), 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்பதில் 'ஆயிரம் பேர்' அல்ல 'ஆயிரம் வேர்' என்று திருத்தங்களையும் வெளியிடுகிறீர்கள். இவற்றுக்குப் பழைய வடிவம் எங்கே? 'தவளை தன் வாயால் கெடும்' என்பதற்கு அது இருக்கிறது. 400 பாட்டிலும் ஒவ்வொரு பழமொழியைப் பதித்துவைத்த முன்றுறை அரையனாரின் பழமொழி நானூற்றில் 'நுணலும் தன் வாயால் கெடும்' என்று வருகிறது. நுணல், தவளை இனம். சொல் மாறியிருக்கிறது, பொருள் மாறவில்லை. இப்படி ஒரு சான்று கையில் கிடைத்த பிறகு திருத்தத்தை அச்சிடுங்கள். பிள்ளைகள் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி, அதைப் பார்த்தே தேர்வு எழுதுகிறார்கள். 'கனிந்த மொழி' விளக்கத்துக்கு அடுத்த வாரமே அதே இடத்தில் திருத்தம் வர வேண்டும்.

தமிழாசிரியர்கள் சிலர்,
காரைக்குடி.