சவுதி பால்கன்ஸ் கிளப்புக்கு: காட்டு வல்லூறு ஏலத்த நிறுத்துங்க

கிளப் நிர்வாகத்துல இருக்கிற பெரியவங்களுக்கு வணக்கம்.

வல்லூறு வளர்ப்பு உங்க பாட்டன் பூட்டன் காலத்து விஷயம், 2010ல யுனெஸ்கோவும் பாரம்பரியம்னு பட்டியல்ல சேர்த்துடுச்சு, அதுல எனக்கு சண்டையே இல்ல. ரியாத்துக்கு வடக்க மல்ஹம்ல ரெண்டு விதமா ஏலம் நடத்துறீங்க. ஆகஸ்ட் வாக்குல நடக்கறது பண்ணையில பொரிச்சு வளர்த்த பறவைங்களுக்கு. அக்டோபர், நவம்பர்ல நடக்கறது காட்டுல பிடிச்சதுக்கு. இந்த ரெண்டாவத நிறுத்துங்கன்னு கேக்கத்தான் எழுதுறேன்.

அந்த மாசங்கள்ல சிக்கறது எதுன்னு பாருங்க, மங்கோலியா கஜகஸ்தான் பக்கம் அந்த வருஷம்தான் பொரிச்ச இளம் பறவை, முதல் தடவையா தெக்க வலசை வருது, கீழ ஒரு புறா தெரியுதுன்னு பாய்ஞ்சா புறா முதுகுல கட்டின நைலான் சுருக்குல கால் மாட்டிக்குது. அதுலயும் பெட்டைதான் உடம்பு பெருசு, அதுக்குத்தான் விலை, அப்ப நாளைக்கு முட்டை போட வேண்டியதத்தான் நாம தேடித் தேடி எடுக்கறோம். இப்படி சிக்கறதுல ஒரு வகையான சேக்கர் வல்லூற 2012ல இருந்து அழிவுல இருக்கிற இனம்னு, உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வச்சிருக்கு. கரண்ட் கம்பியில அடிபட்டும் நிறைய சாகுது, உண்மைதான், ஆனா அது பிடிக்கறதுக்கு நியாயம் ஆகாதுங்க.

முதல் வருஷத்துல பாதிக்கு மேல எப்படியும் செத்துடும், பிடிச்சா என்னன்னு சில பேர் சொல்றாங்க. பிழைச்சு வர்ற மீதியாலதான் இனமே நிக்குது, வலைக்கு எது சாகப்போறது எது பிழைக்கப்போறதுன்னு தெரியுமா?

2020 அக்டோபர்ல உங்க ஏலத்துல ஒரு ஷாஹீன் (பெரெக்ரின் வல்லூறு) 6,50,000 ரியாலுக்குப் போச்சு. அதே மாசம் கராச்சியில கஸ்டம்ஸ்காரங்க 74 வல்லூற கடத்தல்காரங்க கிட்ட இருந்து பிடிச்சாங்க. அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தம்னு நான் சொல்லல. ஆனா இவ்ளோ பெரிய தொகைய எல்லாரும் பாக்க நேரலையில காட்டுனா, பாலைவனத்துல வலையோட உக்காந்திருக்கிற ஏழை மனுஷனுக்கு வேற என்ன தோணும் சொல்லுங்க.

ஹதத் திட்டத்துல வல்லூறுகள மறுபடி மலைக்கு விடுறீங்களே, மனசார பாராட்டுறேன், அத செய்யற கையே இதையும் செய்யறதுதான் வலிக்குது. பண்ணைப் பறவை வேகத்துலயோ வேட்டையிலயோ குறைஞ்சது இல்லன்னு உங்க போட்டிகள்லயே தெரியுது. வர்ற அக்டோபர்ல இருந்து காட்டுப் பறவைய மேடை ஏத்தாதீங்க, அந்த ஏலத்த நம்பி இருக்கிற பிடிக்கறவங்களுக்கு ஹதத்துலயே கூடு காவல் வேலை குடுங்க, எந்தப் பாறையில எது இறங்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
பறவைகள நேசிக்கிற ஒருத்தன்