அந்தப் படத்தில் மண்வெட்டியோடு நிற்பவன் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் சேலம் பதிப்பில் ஒரு படம் வந்தது. 'பயனற்றுக் கிடந்த தரிசில் மரக்கன்று நடும் பணி' என்று கீழே போட்டிருந்தீர்கள். வலது பக்கமிருந்து நான்காவதாக, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மேட்டூர் அணையையே கட்டி முடித்தவன் மாதிரி சிரித்துக்கொண்டு ஒருவன் நிற்கிறானே, அது நான்தான். படம் வந்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் அந்தப் 'பயனற்று' என்ற சொல் முள்ளாகக் குத்துகிறது. கன்று நட்ட அன்றே அதைப் படித்திருந்தால் ஒன்றும் தோன்றியிருக்காது. நட்டதற்கும் படம் வந்ததற்கும் நடுவில் நான்கு நாள் பறவை பார்க்கப் போய்விட்டேன். வினை அங்கேதான் பிடித்தது.

நான் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்றவன். ஏற்காடு மலைப்பாதையில் 11 ஆண்டுகள் ஓட்டியிருக்கிறேன். ஓய்வுபெற்றபோது மகள் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தாள். முதல் ஒரு வருடம் அது பீரோவில் தூங்கியது. அப்புறம் என் பழைய கண்டக்டர் தம்பிதான் அதை வெளியே எடுக்க வைத்தார். அவருக்குக் காது கூர்மை. பின்சீட்டில் காசு விழுந்தாலே ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று சொல்லிவிடுவார். எனவே அவர் காது, நான் கண். ஆயுத பூஜைக்கு மறுவாரம் ஆளுக்கொரு பையோடு கிளம்பினோம். போக்குவரத்து எல்லாம் பேருந்தில்தான்.

இந்த மாதங்களை இலையுதிர் காலம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோம். நம் ஊரில் எந்த இலை உதிர்கிறது? பழைய தமிழில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். மழை விழுந்து புல் எழும்பும் நேரம் இது. வடக்கிலிருந்து பறவைகள் வந்து இறங்குவதும் இதே நேரத்தில்தான்.

முதல் நாள் காங்கேயம் பக்கம், என் மாமியார் ஊர். அங்கே கொரங்காடு என்று ஒன்று உண்டு. சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். வானம் பார்த்த பூமி, பாவம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த முறை அதையும் வாய்விட்டே சொல்லிவிட்டேன். மச்சினனுக்குச் சுருக்கென்றது. "மாமா, சும்மா கெடக்கற பூமின்னு நெனச்சீங்களா? எங்க மாட்டுக்குச் சோத்துப் பானையே இதுதானுங்க" என்றார். காட்டைத் தடுப்புத் தடுப்பாகப் பிரித்து மாடுகளை மாற்றி மாற்றி மேய்ப்பது, புல் வற்றும் கோடையில் ஆடுகளுக்கு வெள்வேலங்காய் கைகொடுப்பது என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தார்.

சாயங்காலம் வேலி ஓரம் உட்கார்ந்திருந்தோம். கௌதாரி கத்திக்கொண்டே இருந்தது. சிட்டு மாதிரி இருந்த வானம்பாடி ஒன்று மேலே ஏறுவதும் கல்லாக விழுவதுமாக விளையாடிக்கொண்டிருந்தது. திடீரென்று கண்டக்டர் என் முழங்கையை இடித்தார். புல்லுக்கு ஓர் ஆள் உயரத்தில், பழுப்பாக, நீண்ட சிறகை லேசாக மேலே தூக்கிப் பிடித்தபடி, சத்தமே இல்லாமல் ஒரு பறவை மிதந்து வந்தது. வால் தொடங்கும் இடத்தில் வெள்ளைப் பட்டை. பூனைப்பருந்து, பெண். மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகிறது. வெட்டுக்கிளி கிடைத்தால் வயிறாரத் தின்னும். நான் அசந்துபோனது அது தூங்கும் இடத்தைக் கேட்டுத்தான். மரத்துக்குப் போகாதாம், இருட்டியதும் தரையில், புல்லுக்குள்ளேயே படுத்துக்கொள்ளுமாம். கூடு கட்டுவதும் தரையில்தான். அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வருவது ஒரு புல்லிலிருந்து இன்னொரு புல்லுக்கு. கைபேசியில் கண்டக்டர் இதைப் படித்துக் காட்டியபோது எனக்குப் புல்லுக்கு நடுவில் நாம் நட்ட மரக்கன்று ஞாபகம் வந்துவிட்டது. இரவு சரியாகத் தூங்கவில்லை.

மறுநாள் திருப்பூர் நஞ்சராயன் குளமும் ஈரோடு வெள்ளோடும். முன்னது 2024-லும் பின்னது 2022-லும், உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. நாங்கள் கொஞ்சம் முந்திப் போய்விட்டோம், கூட்டம் இன்னும் சேரவில்லை. வெள்ளோட்டைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அதற்காகவே அங்கே ஒரு டீ கூடக் குடித்தோம்.

மூன்றாம் நாள் சேலம். மூக்கனேரியில் விடியற்காலை நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றன. பொதுமக்கள் முயற்சியில் தூர்வாரி, நடுவில் மண்திட்டுகள் போட்டு மரம் வைத்த ஏரி அது. அங்கே மரம் சரி. வக்காவும் கொக்கும் அடைய மரம் வேண்டும். ஆனால் அங்கிருந்து பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போனோம். 1911-ல் கட்டி, சேலம் நகரத்துக்கே குடிநீர் கொடுத்த ஏரி. தண்ணீர் வராமல் போய், ஆண்டுக்கணக்கில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த கதை உங்கள் வாசகர்களுக்குத் தெரியும். "மரம்னாலே நல்லதுன்னா இதுவும் மரந்தானே அண்ணே?" என்றார் கண்டக்டர். நான் பதில் சொல்லவில்லை.

கடைசி நாள் ஏற்காடு. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் முதல் தடவையாகப் பயணியாக, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஏறினேன். ஓட்டும் காலத்தில் ஈரமான வளைவுகளில் டயருக்கு முன்னால் ஒரு குருவி வாலை ஆட்டிக்கொண்டு ஓடும், ஹாரன் அடிப்பேன். சாம்பல் முதுகு, மஞ்சள் வயிறு. சாம்பல் வாலாட்டியாம். இமயமலைப் பக்கத்திலிருந்து வந்தவனுக்கு 11 வருடம் ஹாரன் அடித்திருக்கிறேன்! சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டத்துக்குள் அதன் உறவுக்காரன் கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் பக்கவாட்டில். ஆறுமணிக்குருவி சொன்னபடி சாயங்காலம் ஆறு மணி சுமாருக்குக் கூவியது. "நம்ம ஆறு மணி டிரிப்பை விட நேரத்துக்கு வருதுண்ணே" என்றார். இறங்கும் வழியில் பாறைச் சரிவில் மஞ்சள்தொண்டைச் சின்னானைப் பார்த்ததாக அவர் சத்தியம் செய்கிறார். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை. நான் பார்க்கவில்லை, ஆகவே பட்டியலில் சேர்க்கவில்லை. இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. அந்தப் பாறையும் புதருமான சரிவையும் யாராவது 'பயனற்றது' என்று எழுதிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் பேப்பரில் படம். நாங்கள் கன்று நட்ட அந்த ஏரிப் புறம்போக்கு முழுக்கப் புல்தான். அன்று காலை முழுவதும், தரையில் கூடு வைக்கும் ஆள்காட்டிப் பறவைகள் இரண்டு எங்கள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றின. தொந்தரவாக இருக்கிறதென்று ஒருவர் மண்ணாங்கட்டியை எடுத்து வீசினார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

மரம் நடுவதை நான் குறை சொல்லவில்லை. ஐந்து ரோட்டிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரை மத்தியான வெயிலில் நடந்து பாருங்கள், மரம் எங்கே வேண்டும் என்று தெரியும். எங்கள் சங்கத் தலைவரிடம் பேசிவிட்டேன். வேம்பும் புங்கனும் இன்னும் வேர் பிடிக்கவில்லை. பெயர்த்துத் தெருவோரமும் பள்ளிக்கூட வளாகத்திலும் வைத்துவிடலாம் என்றேன். அரை மனதாகச் சரி என்றிருக்கிறார். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதே மண்வெட்டியோடு போகிறேன், கண்டக்டரும் வருகிறார். உங்கள் புகைப்படக்காரரை இன்னொரு முறை அனுப்பி வையுங்கள். படத்துக்குக் கீழே மட்டும் இந்தத் தடவை 'தரிசு' வேண்டாம், 'புல்வெளி' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓட்டுநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.