லொக்ரோன்யோவில் எரிக்கப்பட்டவர் எத்தனை பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பாவின் சூனியக்காரி வேட்டை பற்றி வெளியான கட்டுரையில், ஸ்பெயினின் சமய விசாரணை மன்றம் "லட்சக்கணக்கான சூனியக்காரிகளை எரித்தது" என்று ஒரு வரி வருகிறது. அது தவறு. ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் கணக்குப்படி, 15ஆம் நூற்றாண்டிலிருந்து 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பா முழுவதும் இந்தக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர். அவர்களில் பெரும்பாலோருக்குத் தண்டனை விதித்தவை ஊர் நீதிமன்றங்களும் சிற்றரசுகளின் நீதிமன்றங்களும்தான். அதிலும் ஜெர்மன் பேசும் நிலங்களில்தான் சாவு மிக அதிகம். ஸ்பானிய மன்றத்தின் பங்கு மிகச் சிறியது. அந்த மன்றத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. யூத வழியில் வந்த கிறிஸ்தவர்களை அது வதைத்ததை யாராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் லட்சம் என்று எழுதிவிட்டுக் கடந்து போனால், ஒரு பொய்க் குற்றம் எந்த வழிமுறையில் உற்பத்தியானது, எந்த வழிமுறையில் நின்றது என்பது தெரியாமலே போய்விடும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நம் ஊரில் சூனியம் என்றால் ஒருவர் இன்னொருவருக்கு வைப்பது. வட ஸ்பெயினின் லொக்ரோன்யோ நகரில் இருந்த அந்த மன்றத்தின் கிளை 1609–10இல் விசாரித்த வழக்கில் சாட்டப்பட்டது வேறு: ஞானஸ்நானத்தை மறுதலித்து, பிசாசோடு உடன்படிக்கை செய்து, இரவில் கூட்டமாகக் கூடி அதை வணங்குவது. பழைய கத்தோலிக்கத் தமிழில் சொன்னால், பதிதம்; அதாவது திருச்சபையின் விசுவாசத்துக்கு எதிரான குற்றம். பதிதம் என்றானதால்தான் இந்த வழக்கு சமய மன்றத்தின் கைக்குப் போனது. கூட்டம் என்று வந்துவிட்டதால், பிடிபட்டவரிடம் "கூட இருந்தது யார்?" என்ற கேள்வியும் தானாகவே வந்தது. ஒருவர் பத்துப் பேரைச் சொன்னால், அந்தப் பத்துப் பேரும் ஆளுக்குப் பத்துப் பேரைச் சொல்வார்கள்.

வட ஸ்பெயினின் நவார்ரா மலைப்பகுதியில், பிரெஞ்சு எல்லையை ஒட்டி, பாஸ்க் மொழி பேசும் சிற்றூர் சுகர்ரமுர்தி. 1608 டிசம்பரில், எல்லைக்கு அப்பால் வேலைக்குப் போயிருந்த இளம்பெண் ஒருத்தி ஊர் திரும்பினாள். தான் அங்கே கூட்டத்துக்குப் போனதாகவும், இந்த ஊர்க்காரர்களையும் கூட்டத்தில் பார்த்ததாகவும் சொன்னாள். பேர் அடிபட்டவர்கள் முதலில் மறுத்தார்கள். நெருக்குதல் தாங்காமல் பிறகு ஒப்புக்கொண்டார்கள். கோயிலில் ஊரார் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டார்கள், ஊரும் மன்னித்தது. அதோடு முடிந்த கதைதான். செய்தி லொக்ரோன்யோ மன்றத்துக்கு எட்டியதும் மறுபடி திறந்துகொண்டது.

1609 பிப்ரவரியில் சுகர்ரமுர்திக்காரர்கள் ஆறு பேர் தாமாகவே லொக்ரோன்யோவுக்குப் போய், பயத்தில் பொய்யாக ஒப்புக்கொண்டோம் என்றார்கள். அவர்களையும் உள்ளே போட்டார்கள். அங்கே கைதிக்கு என்ன குற்றச்சாட்டு என்று உடனே சொல்வதில்லை. மனச்சாட்சியைத் தேடிப் பார்த்து உள்ளதைச் சொல் என்று மூன்று முறை எச்சரிப்பார்கள், அதன்பிறகே குற்றப்பத்திரிகை. சாட்சிகளின் பெயரைக் கடைசிவரை காட்ட மாட்டார்கள். இவர்களில் பலருக்கு பாஸ்க் மொழி தவிர வேறெதுவும் தெரியாது. மன்றம் பேசியது ஸ்பானியம். கேள்வியும் பதிலும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே போய்வந்தன. சிறையிலோ நோய் பரவிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும்விடக் கொடுமையானது தண்டனை விதி. ஒப்புக்கொண்டு வருந்துபவரைத் திருச்சபையோடு மீண்டும் சேர்த்து உயிரோடு விடுவார்கள். மறுப்பவர் மனந்திரும்பாத பதிதர், அவருக்கு நெருப்பு. 1610 நவம்பர் 7, 8 தேதிகளில் நடந்த பொதுத் தீர்ப்புச் சடங்கில் எரிக்கப்பட்ட ஆறு பேரும், "நாங்கள் செய்யவில்லை" என்பதைக் கடைசிவரை மாற்றாதவர்கள். நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். சிறையிலேயே இறந்துபோன ஐந்து பேருக்குப் பதிலாக உருவப் பொம்மைகளை எரித்தார்கள். உண்மை பேசியவர் செத்தார், பொய் சொன்னவர் பிழைத்தார். இந்த விதி இருக்கும்வரை எத்தனை ஒப்புதல் வாக்குமூலம் குவிந்தாலும் அதற்குச் சல்லிக்காசு மதிப்பு உண்டா?

அந்த மன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இளையவர் அலோன்சோ தெ சலாசார் ஃப்ரியாஸ். எரிக்கப்பட்டவர்களில் ஒரு பெண்ணின் விஷயத்தில் ஆதாரம் போதாது என்று மாற்றி வாக்களித்தவர். மற்றவர்கள் விஷயத்தில் தாமும் உடன்பட்டவர். 1611 மே மாதம் மன்னிப்பு ஆணையோடு அவரை மலை ஊர்களுக்கு அனுப்பினார்கள். குறித்த காலத்துக்குள் தாமாக வந்து ஒப்புக்கொள்பவருக்குத் தண்டனை கிடையாது. எட்டு மாதம் ஊர் ஊராகச் சுற்றினார். வந்தவர்கள் 1,802 பேர். அதில் 1,384 பேர் குழந்தைகள். சிறுமியர் 12, சிறுவர் 14 வயதுக்கு உட்பட்டவர்கள். 81 பேர் முன்பு சொன்னதைத் திரும்பப் பெற வந்தவர்கள். திரும்பப் பெற்றால் எரித்துவிடுவார்களோ என்ற பயம் இல்லாதிருந்தால் இன்னும் பலர் வந்திருப்பார்கள் என்று சலாசாரே எழுதியிருக்கிறார்.

அவர் சோதித்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாட்ரிட் தலைமை மன்றம் 1609லேயே 14 கேள்விகள் கொண்ட பட்டியலை அனுப்பியிருந்தது. கூட்டத்துக்குப் போனபோது துணி உடுத்தியிருந்தீர்களா, கழற்றி எங்கே வைத்தீர்கள்? போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது? அங்கிருந்தபோது பக்கத்து ஊர் மணியோசை, நாய் குரைப்பு, சேவல் கூவல் ஏதாவது கேட்டதா? இவையெல்லாம் உண்மையில் போய்வந்தவரால் மட்டுமே ஒரே மாதிரி சொல்லக்கூடியவை. ஒன்பது கூட்ட இடங்களைச் சேர்ந்த 36 பேரைச் சலாசார் தனித்தனியே அந்தந்த இடத்துக்கே கூட்டிப்போய்க் கேட்கச் செய்தார். எங்கே பிசாசு உட்கார்ந்தது, எங்கே சாப்பிட்டீர்கள், எந்த வழியாக வந்தீர்கள்? பெரும்பாலான இடங்களில் ஒருவர் காட்டியதை அடுத்தவர் காட்டவில்லை.

அடுத்தது மருந்து. பறப்பதற்குப் பூசும் களிம்பு, கொல்லும் பொடி என்று ஒப்படைக்கப்பட்ட 22 பானைகளை மருத்துவர்களும் மருந்து செய்பவர்களும் ஆராய்ந்தார்கள். விலங்குகளுக்குக் கொடுத்தும் பார்த்தார்கள்; ஒன்றும் ஆகவில்லை. "களிம்பு எங்கே?" என்று அடித்துக் கேட்டவர்களிடமிருந்து தப்பிக்க, கையில் கிடைத்ததைக் குழைத்துக் கொடுத்தவை அவை. சான்தெஸ்தேபான் ஊரில், புனித யோவான் திருவிழா இரவில் இன்ன இடத்தில் பெருங்கூட்டம் நடந்தது என்று குழந்தைகள் சொன்னார்கள். அதே இரவில் அதே இடத்தில் இருந்தவர்கள் சலாசாரின் எழுத்தர்கள். அவர்கள் கண்ணில் எதுவும் படவில்லை.

குழந்தைகள் ஏன் சொன்னார்கள்? பிரசங்கத்தில் கேட்டதையும் பெரியவர்கள் பேசியதையும் கனவில் கண்டார்கள். பேரா என்ற ஊரில், பிசாசு தூக்கிப் போகாதபடி காக்கவென்று பங்குக் குருவே பிள்ளைகளை இரவில் தம் வீட்டில் கூட்டமாகப் படுக்க வைத்தார். நாற்பது பிள்ளைகளை இருட்டில் ஒன்றாகப் படுக்க வைத்து, தூங்கினால் பிசாசு வரும் என்றால் காலையில் என்ன கதை வரும்? பிறகு அதே பிள்ளைகள் விரல் நீட்டியவர்களை அண்டை அயலாரே கட்டிவைத்து அடித்தார்கள். சூனியத்தைப் பற்றிப் பேசவும் எழுதவும் தொடங்கும்வரை அங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவரும் இல்லை என்று சலாசார் அறிக்கையில் எழுதினார். சக நீதிபதிகள் இருவரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1609–10 விசாரணையில், திரும்பப் பெறப்பட்ட வாக்குமூலங்களை மேலிடத்துக்கு முறையாகத் தெரிவிக்காதது தங்கள் தவறு என்று, தம்மையும் சேர்த்தே அவர் குற்றம் சாட்டினார். ஒரு நீதிபதி தாம் கையெழுத்திட்ட தீர்ப்பைப் பற்றி இப்படி எழுதுவது எவ்வளவு பெரிய காரியம்!

1614 ஆகஸ்ட் 29 அன்று தலைமை மன்றம் புதிய விதிகளை வெளியிட்டது. ஆலங்கட்டி மழையில் பயிர் நாசமானால், அந்தப் பருவத்தில் அது வழக்கமா என்று முதலில் விசாரி. ஆள் இறந்தால் இயற்கை நோயா என்று பார். யாராவது வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றால் அதையும் எழுதிச் சேர். மிரட்டி ஒப்புக்கொள்ள வைக்கும் உறவினரையும் ஊராரையும் தடு. அதன்பின் அந்த மன்றம் சூனிய வழக்குகளில் எரிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. ஆனால் ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கத்தலோனியாவின் ஊர் நீதிமன்றங்கள் சில ஆண்டுகள் தூக்கிலிட்டுக்கொண்டே இருந்தன. சலாசாரின் கேள்விகள் அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை. 1620களின் கடைசியில் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரிலோ, சித்திரவதையில் பெயர் வாங்கும் முறை மேயரையே விறகில் ஏற்றியது.

அதே கட்டுரையில், அமெரிக்காவில் அப்போது ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸின் சேலம் ஊரிலும் எரித்ததாக உள்ளது. அங்கே 1692இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றத்தை ஏற்கவோ மறுக்கவோ வாய் திறக்காத முதியவர் ஜைல்ஸ் கோரியைப் பாறாங்கற்களால் நசுக்கிக் கொன்றார்கள். ஆங்கிலேயச் சட்டத்தில் சூனியம் பதிதமாக அல்ல, கொடுங்குற்றமாக இருந்ததால் தண்டனை தூக்கு.

இந்த இரண்டு வரிகளையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால் இன்னொன்றையும் சேருங்கள்: தண்டிக்கப்பட்டவரின் மஞ்சள் அங்கியைப் பெயரோடு பங்குக் கோயிலில் தொங்கவிட்டு, வழிவழியாகக் குடும்பத்தை அவமானப்படுத்துவது அந்தக் கால வழக்கம். லொக்ரோன்யோ சூனிய வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களின் அங்கிகளை எந்தக் கோயிலிலும் தொங்கவிடக் கூடாது என்று அதே 1614 விதிகள் தடுத்தன.

அன்புடன்,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை