வலி எத்தனை என்று கேட்கிறீர்கள், மனசு எப்படி என்றும் கேளுங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் சுகாதாரத் துறைப் பொறுப்பில் இருக்கும் ஐயா, அம்மா எல்லோருக்கும் வணக்கம்.

நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்துக்காரன். 18 வயதில் விசைப்படகில் ஏறி 23 வருடம் பாக் நீரிணையில் தொழில் பார்த்தேன். ஒரு விடியற்காலை, மடி நிறைய மீன் விழுந்து நாலு பேர் சேர்ந்து வலையைத் தூக்கும்போது இடுப்பில் சுருக்கென்று பிடித்தது, கரை வந்து சேர்வதற்குள் இடது கால் பெருவிரல் வரைக்கும் தீ வைத்த மாதிரி எரிய ஆரம்பித்துவிட்டது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கீழ் முதுகில் எல்4, எல்5 என்கிற இரண்டு எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். மாத்திரை, பெல்ட், எண்ணெய்க் கட்டு என்று எட்டு மாதம் ஓட்டிவிட்டு, கடைசியில் வெளியூர் மருத்துவமனை ஒன்றில் ஆபரேஷன் செய்துகொண்டேன். மூன்று வருடம் முடிந்துவிட்டது.

ஆபரேஷனைத் திட்டுவதற்கு இதை எழுதவில்லை. கால் எரிச்சல் முக்கால்வாசி அடங்கிவிட்டது, அதற்கு அந்த மருத்துவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். இடுப்பு வலிதான் போகவில்லை. டிஸ்க் ஆபரேஷன் கால் வலிக்கு நன்றாகக் கேட்கும், இடுப்பு வலிக்கு அந்த அளவு உறுதி சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரிய வந்ததே ஒரு வருடம் கழித்து, ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான். முன்னாலேயே யாராவது உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தால், தையல் பிரித்ததும் படகேறலாம் என்று நாள் எண்ணிக்கொண்டு கிடந்திருக்க மாட்டேன்.

அவர்தான் இன்னொன்றும் விளக்கினார். மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிற வலியை வேறு கணக்கில் வைக்க வேண்டுமாம். நரம்பைச் சுற்றித் தழும்பு கட்டியிருக்கலாம், ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்த நரம்பு முழுதாகத் தேறாமல் போயிருக்கலாம், அப்புறம் தண்டுவடமும் மூளையும் வலிக்குப் பழகிப்போய், சின்ன அசைவைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளும். வாடைக் காற்று நின்ற பிறகும் கடல் உடனே அடங்காதே, அந்த மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் நாள்பட்ட வலிக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். இதைக் கேட்ட அன்றைக்கு நான் அழுதேன். ஏனென்றால் அதுவரை "ஆபரேஷன் பண்ணியுமா இன்னும் சரியாகலை" என்று கேட்டவர்களில் பாதிப் பேர் நான் நடிக்கிறேன் என்றுதான் நினைத்தார்கள், சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

என் ஒரு நாளைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். காலையில் நேராக எழ முடியாது. ஒருபக்கமாக உருண்டு, கையை ஊன்றி, காலைக் கீழே தொங்கவிட்டு, அப்புறம்தான் உடம்பை நிமிர்த்த வேண்டும். 20 நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. வலை கட்டுகிற வேலைக்குப் போனேன், எல்லோரும் மணலில் காலை நீட்டி உட்கார்ந்து பெருவிரலில் கண்ணியை மாட்டிக்கொண்டு ஊசி ஓட்டுவார்கள், என்னால் முடியவில்லை. இப்போது கொட்டகைக் கம்பத்தில் வலையை நெஞ்சு உயரத்துக்கு இழுத்துக் கட்டி, நின்றபடியே கட்டுகிறேன். ஒரு மணி நேரம் கட்டினால் அரை மணி நேரம் படுக்கை. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு ஒரு நாள் நாலு மணி நேரம் பார்த்துவிட்டால், அடுத்த இரண்டு நாள் கட்டிலோடு சரி. இந்த அளவைப் பிடிக்கவே எனக்கு இரண்டு வருடம் ஆனது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் போவதில்லை, அத்தனை நேரம் படகில் குலுங்கிக்கொண்டு போக இந்த இடுப்பு தாங்காது.

வைத்தியத்துக்குப் பெரும்பாலும் பாலம் தாண்டித்தான் போகிறேன். பாம்பன் சாலைப் பாலத்தில் ஒவ்வொரு இணைப்பையும் கடக்கும்போது பேருந்து தடக்கென்று போடும். முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இடுப்பைச் சீட்டிலிருந்து தூக்கிக்கொள்வேன். எல்லோரும் ஜன்னல் வழியே கடலையும் புது ரயில் பாலத்தையும் பார்ப்பார்கள், நான் அடுத்த இணைப்பு எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே போவேன். போய்ச் சேர்ந்து வரிசையில் நின்றால், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்பார்கள். ஆறு என்பேன். எழுதிக்கொள்வார்கள். திரும்பவும் அதே பாலம்.

அந்த ஆறைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுக்காரன் ஒருத்தனும் கடலுக்குப் போவதில்லை, படகைக் கரையேற்றிப் பலகை பார்ப்பான், வர்ணம் அடிப்பான். அந்த நாட்களில் எனக்கும் வலி ஆறுதான், ஆனாலும் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பயல்களோடு கதை பேசுகிறேன். தடை முடிந்து டோக்கன் வாங்கி, ஐஸ் ஏற்றி, டீசல் பிடித்து, ஒவ்வொரு இன்ஜினாகக் கிளம்பும். எந்தச் சத்தம் எந்தப் படகு என்று படுத்த இடத்திலிருந்தே எனக்குத் தெரியும். போன வருடம் அன்றைக்கும் வலி ஆறுதான். ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை, பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டிய மகனைப் பார்த்துக் கத்திவிட்டேன். அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் எது வேண்டுமானாலும் அம்மாவிடம் மட்டும்தான் கேட்டான். இந்த ஆறும் அந்த ஆறும் ஒன்றா, சொல்லுங்கள்.

இனி, மாத்திரை விஷயம். ஒரு மருத்துவர் டுலோக்செடின் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் கொஞ்சம் தூக்கம் வந்தது. அந்த நேரம் மருந்துக் கடையில் இருந்த தம்பி, "அண்ணே, இது மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரையாச்சே" என்று சொல்லிவிட்டான். என் மனைவி முகம் மாறிப்போனது. வீட்டுக்கு வந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "ஏர்வாடிக்கா அனுப்பப் போறாங்க?" அன்றைக்கே நிறுத்தினேன். மூன்று நாள் தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி வெட்டி வெட்டி இழுப்பு. அந்த மாத்திரை மனச்சோர்வுக்கும் தருவார்கள், நரம்பு வலிக்கும் தருவார்கள், திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எழுதிக் கொடுக்கும்போதே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லியிருந்தால் போதும்.

மாமியாரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நம் மாவட்டத்தில் மனநலம் என்று சொன்னாலே ஜனங்களுக்கு ஞாபகம் வருவது 2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த 28 பேர் கருகிப் போனார்கள். அங்கே இருக்கிற தர்காவை நான் குறை சொல்லவில்லை, அது எல்லாச் சாதி சனமும் நம்பிக்கையோடு போய் நிற்கிற இடம். அதற்கப்புறம் உச்ச நீதிமன்றம் தலையிட்டது, 2017இல் வந்த மனநலச் சட்டம் சங்கிலி போடுவதையே தடை செய்தது, எல்லாம் சரி. ஆனால் அந்தப் பயம் இன்னும் எங்கள் வீடுகளுக்குள் இருக்கிறது. அதனால்தான் இடுப்பு வலிக்காரன் எவனும் "மனசும் சரியில்லை" என்று வாய் திறப்பதில்லை, திறந்தால் அப்போ வலியே பொய்தானா என்று கேட்பார்கள்.

உயிரோடு இருந்து என்ன ஆகப் போகிறது என்று நினைத்த ராத்திரிகள் எனக்கும் இருந்தன. அப்போது 14416 என்ற எண் எனக்குத் தெரியாது. டெலி மனஸ் என்கிற அரசின் மனநல உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. இதைப் படிக்கிற யாருக்காவது அந்த நினைப்பு இருந்தால் தயவுசெய்து இப்போதே கூப்பிடுங்கள், பக்கத்தில் இருக்கிறவரிடமும் சொல்லுங்கள்.

ஐயா, அம்மா, உங்களிடம் கேட்பது புதுக் கட்டிடம் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை தருகிறார்கள், பிசியோதெரபியும் அதில் உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து, வாரத்தில் ஒரு நாள், முடியாவிட்டால் மாதம் இரண்டு நாளாவது, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரே அறையில் உட்கார வையுங்கள். வாசலில் மனநலப் பிரிவு என்று போர்டு வேண்டாம். வலிக்கான நாள் என்று போடுங்கள், நாங்கள் வருவோம், பொண்டாட்டிகளும் கூடவே வருவார்கள், அவர்களுக்கும் பேச நிறைய இருக்கிறது. வீட்டுக்கு வருகிற அக்காமார்களின் நோட்டில் இன்னும் இரண்டு கேள்வி சேருங்கள்: ராத்திரி தூங்கினாயா, யாரோடாவது பேசினாயா. முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறவர்களை முதல் வருடம் முழுக்க விடாமல் கேளுங்கள்.

மாற்றுத்திறனாளி அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 சட்டத்தில் 21 வகை ஊனம் இருக்கிறது, நாள்பட்ட வலி அதில் இல்லை. அது உங்கள் கையில் இல்லை என்று தெரியும். மேலே எழுதும்போது எங்களைப் பற்றி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

நேரில் பார்க்க வேண்டும் என்றால் எங்கள் வலைக் கொட்டகைக்கு வாருங்கள். இடுப்பில் தழும்போடு இந்தக் கரையில் எனக்குத் தெரிந்தே நாலு பேர் இருக்கிறார்கள், பாசி எடுக்கப் போகிற ஒரு அக்காவும் அதில் உண்டு, எல்லோரையும் வரச் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு வந்தால் நல்லது, பத்து மணிக்கு மேல் எங்களில் பாதிப் பேர் படுத்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கச்சிமடம் மீனவர் ஒருவர்