சிம்பொராசோ ஏறப்போகும் பாப்பாவுக்கு

பாப்பா,

ஈக்வடார் நாட்டுத் தலைநகர் கீட்டோவுக்கு வந்து சேர்ந்துவிட்டதாக நீ போட்ட மெசேஜை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 2,850 மீட்டர் என்றதும் அது எவ்வளவு உயரம் என்று கேட்டாள், தொட்டபெட்டா உச்சியைவிட உயரம் என்றேன், அப்புறம் அவள் பேசவே இல்லை.

உன் திட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் ரூக்கு பிச்சிஞ்சா மலை, அப்புறம் 5,126 மீட்டர் இலினிசா நோர்த்தே, அப்புறம் கயாம்பே, கடைசியில்தான் 6,263 மீட்டர் சிம்பொராசோ எரிமலை. காசிமேட்டுக் கடலோரம் வளர்ந்த உடம்பு அது. அந்த எரிமலை உச்சியில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் பாதிகூட இல்லை, உடம்பு பழக நாள் பிடிக்கும். மழையில் ஒரு நாள் வீணானால் ஓய்வு நாளைக் குறைத்து ஈடுகட்டாதே.

முப்பது வருஷம் ஐஸ் பேக்டரியில் இருந்தவன் சொல்கிறேன். விடியற்காலையில் ஐஸ் பார் கல் மாதிரி இருக்கும், கொக்கி போட்டால் கடித்துப் பிடிக்கும். வெயில் ஏறியதும் மேலே தண்ணீர் கோத்துக்கொண்டு அதே கொக்கி வழுக்கும். மலையிலும் அதுதான். இரவில் உறைந்து கற்களைப் பிடித்து வைத்திருக்கும் பனி, வெயில் பட்டதும் விட்டுவிடும். அதனால்தான் ராத்திரியே கிளம்பச் சொல்கிறார்கள். உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் சரி, கைடு திரும்பச் சொன்னால் திரும்பிவிடு.

சிம்பொராசோவில் ஐஸ் வெட்டி, புல்லால் சுற்றி, கழுதையில் ஏற்றி பக்கத்து ஊரான ரியோபம்பாவின் சந்தையில் விற்ற பால்தசார் உஷ்கா என்ற பெரியவர் 2024இல் இறந்துபோனார். நாங்கள் சாக்கில் சுற்றியதை அவர் புல்லில் சுற்றியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து அந்த மலை எனக்கு வேற்றூராகத் தெரியவில்லை.

ஏழாவது படிக்கும்போது ரிலே ஓட வேண்டும் என்று காய்ச்சலை மறைத்தாயே, நீ மைதானத்தில் விழுந்து, தூக்க வந்து தொட்ட பிறகுதான் நெற்றி கொதித்தது எனக்குத் தெரிந்தது. அங்கே அப்படிச் செய்யாதே கண்ணு. தலைவலியோடு குமட்டல் வந்தால் அதற்கு மேலே ஏறாதே. நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தாலோ, நடுராத்திரி என்று பார்க்காமல் இறங்கு. ஒரே கயிற்றில் உன்னோடு கட்டியிருப்பவர்களிடம் வாய்விட்டுச் சொல்.

அங்கே இரவு 11 மணிக்கு நீ கிளம்பும்போது இங்கே காலை 9.30. போன் சட்டைப்பையிலேயே இருக்கும். இறங்கியதும் ‘வந்துட்டேன்’ என்று ஒரு வார்த்தை போடு, எந்நேரமானாலும் நாங்கள் இரண்டு பேரும் விழித்திருப்போம்.

அப்பா