பலகையில் ஒட்டியிருக்கும் அந்தத் தாளை எடுத்துவிடுங்கள்

எங்கள் ஊர் நூலகமான வாயனசாலையின் தலைவருக்கும் செயலாளர் மாஷுக்கும் நிர்வாகக் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்த அரசியல் விழிப்புணர்வு வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும்; முன்வரிசையில் இருந்தவர்கள் நீங்கள். வகுப்பெடுக்க வந்தவர் மூன்று கணக்குகளைக் கொடுத்தார். தாளின் பின்பக்கம் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவீர்கள் என்று எழுதச் சொன்னார். பிறகு மதிப்பெண்ணைக் கட்சிவாரியாகக் கூட்டிக் காட்டி, நம் கேரளத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கத்துத் தமிழ்க்காரர்கள் ஏன் இப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்பதற்கு இந்தப் புத்திக் குறைவுதான் காரணம் என்றார். பேரும் மதிப்பெண்ணும் கட்சியும் எழுதிய தாள் இன்னும் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பூஜ்யம் வாங்கியவர்களில் ஒருவர் என் சின்னம்மா. வயது 61. தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். மலையாளம் நன்றாகப் பேசுவார், எழுத்துக் கூட்டத் தெரியாது. கேள்வித்தாள் முழுக்க மலையாளம். பக்கத்தில் இருந்த பையன் வாசித்துச் சொன்னான்: பேட்டும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய், பந்தைவிட பேட் 100 ரூபாய் கூடுதல், பந்து என்ன விலை? சின்னம்மா பத்து என்றார். விடை ஐந்து. மற்ற இரண்டையும் வாசித்துச் சொல்ல அவனுக்கு நேரமில்லை.

மறுநாள் சாயங்காலம் பால் கொண்டுவந்த சின்னம்மா கேனைத் திண்ணையில் வைத்துவிட்டு, ஆள் போகட்டும் என்று ஓரமாக நின்றார். எல்லோரும் போன பிறகு கேட்டார்: "கண்ணு, எனக்குப் புத்தி பத்தாதுன்னு பேரெழுதி ஒட்டியிருக்காங்களாமா, நெசந்தானா?" இருபது வருஷமாகச் சங்கத்தில் பால் அளக்கிறேன். அன்றைக்கு அவர் பாலை அளக்கும்போது என் கை நடுங்கியது.

மாஷ், அந்தப் பந்துக் கணக்கு ஷேன் ஃபிரெடரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2005-ல் வெளியிட்ட மூன்று கணக்குகளில் ஒன்று. வாய்க்கு முதலில் வரும் விடையை நிறுத்தி வைத்து ஒருவர் யோசிக்கிறாரா என்று பார்ப்பதற்கு உண்டாக்கியது. அவர் சோதித்த 3,428 பேரில் பெரும்பாலானவர்கள் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள். அவர்களிலேயே மூன்றில் ஒருவர் பூஜ்யம். கோயம்புத்தூரில் உளவியல் படிக்கும் என் மகளை உட்காரவைத்து, அந்தக் கட்டுரைகளை வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். இரண்டு ராத்திரி ஆனது.

வந்தவர் சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. 1970-ல் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்தவர்களைப் பத்து வயதில் அறிவுச் சோதனை செய்து, முப்பது வயதில் அவர்கள் கருத்துகளைக் கேட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் பெண்கள் வேலைக்குப் போவது, இனபேதம் போன்றவற்றில் பழமைப் பிடிப்பு குறைந்தவர்களாக இருந்தார்கள். ஆனால் அது ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி. ஒரு மனுஷியின் பேருக்கு எதிரே எழுதுகிற தீர்ப்பு இல்லை.

அவர் சொல்லாமல் விட்டது இன்னொரு பாதி. டான் கஹான் என்ற பேராசிரியரின் குழுவினர் அமெரிக்காவில் 1,111 பேருக்கு ஒரே எண்களைக் கொடுத்தார்கள். சிலருக்கு அது தோல் சொறிக்குத் தடவும் களிம்பு பற்றிய கணக்கு. சிலருக்குத் துப்பாக்கித் தடை பற்றியது. களிம்பென்றால் கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகச் சொன்னார்கள். துப்பாக்கி என்றதும் அதே கெட்டிக்காரர்கள், தங்கள் கட்சிக்குச் சாதகமான விடை வரும்போது மட்டும் கவனமாகக் கணக்குப் போட்டார்கள். கணக்கு நன்றாக வருகிறவர்களிடம்தான் கட்சிப் பிளவு அதிகம். 2019-ல் 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும், தன் பக்கத்துக்குச் சாய்வது இடது, வலது இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு. புத்தி கூடினால் கட்சிப் பிடிப்பு தளரும் என்று எவரும் உத்தரவாதம் தர முடியாது. நம் ஊரிலும் நன்றாகப் படித்த வீடுகளில்தான் தேர்தல் சமயத்தில் அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகிறது.

என் தொழிலில் பார்த்ததைச் சொல்கிறேன். கறந்த சூடு ஆறாத பாலில், அடர்த்தியைக் காட்டும் பால்மானியைப் போட்டால் ஆழமாக இறங்கும், அளவு குறைவாகக் காட்டும். விவரம் தெரியாதவன் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். சூட்டைப் பார்த்து அளவைத் திருத்திய பிறகுதான் நாங்கள் எழுதுவோம். இல்லையென்றால் ஒரு குடும்பத்தின் மானம் போகும். மனுஷ மூளைக்கும் இப்படி ஒரு சூடு உண்டு. தமிழ்நாட்டில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய நாட்களில் அதே விவசாயிகளுக்கு மதிப்பெண் குறைந்தது. பணம் வந்த பிறகு ஏறியது. ஆள் அதே ஆள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா எப்படி வகுப்புக்கு வந்தார் தெரியுமா? குடிதண்ணீர் லாரி வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. வீட்டில் இருந்தது நாலு குடம். ஒன்று குடிக்க, ஒன்று சோறாக்க, இரண்டு மாட்டுக்கு. தான் குளிக்காமல், பழைய சேலையிலேயே, நீங்கள் கூப்பிட்டீர்கள் என்ற மரியாதைக்காக வந்து உட்கார்ந்தார். லாரிச் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காதை வாசலில் வைத்துக்கொண்டுதான் பந்து விலையைச் சொன்னார்.

அவர் எதை யோசித்து ஓட்டுப் போடுகிறார் என்று அந்தத் தாளில் எங்கே இருக்கிறது? கேரளமும் தமிழ்நாடும் செய்துகொண்ட 1970 ஒப்பந்தப்படி ஆளியாற்றிலிருந்து நமக்கு வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. வரவேண்டும் என்று அவருக்குத் தெரியும். எந்த வருஷம் மூலத்தறை அணையில் தண்ணீர் எப்போது வந்தது, எந்த மெம்பர் லாரிக்கு நடந்தார், எவர் போனை எடுக்கவில்லை என்று விரல் மடித்துச் சொல்வார். ஒரு தடவை கட்சி மாற்றிப் போட்டதும் அந்தக் கணக்கால்தான். இதை யோசனை இல்லை என்றால் வேறு எதை யோசனை என்பீர்கள்?

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தச் சித்தூர் தாலுகாவில் தமிழ்க்காரர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. தமிழிலேயே அரசுக்கு எழுதலாம், தமிழிலேயே பதில் வாங்கலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. நடப்பில் ஒரு விண்ணப்பம் தமிழில் கிடைப்பதற்குள் செருப்புத் தேய்ந்துவிடும். மலையாளத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு, நிரப்பத் தெரியவில்லை என்றால் விவரமில்லாதவர்கள் என்பது ஆபீஸ்களில் எங்களுக்குப் பழகிப்போனது. அதே பேச்சு வாயனசாலையிலும் கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. என் அப்பா எழுத்துக் கூட்டிப் படித்த முதல் தமிழ் நாளிதழ் உங்கள் மேஜையில் கிடந்ததுதான்.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். தயவுசெய்து அந்தத் தாளைப் பலகையிலிருந்து எடுங்கள். யார் எந்தக் கட்சி என்று எழுதி வாங்கிய பின்பக்கங்களை எல்லோர் முன்னாலும் கிழித்துப் போடுங்கள். ஓட்டு ரகசியம், அதைக் கேட்டதே தப்பு. அடுத்த வகுப்பு எதுவானாலும் தாள் தமிழிலும் இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பால் வண்டியை அனுப்பிவிட்டு, ஆறரை மணிக்கு சின்னம்மாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். பலகை அதற்குள் காலியாக இருக்க வேண்டும். செயலாளர் மாஷ் அவரைப் பார்த்துத் தமிழில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
பால் சங்கத்தில் வேலை செய்யும்
உங்கள் வாயனசாலை உறுப்பினன்